ஜீனோமிக்ஸ் ஆய்வுப் பயிற்சி: திருகோணமலையில இருந்து எங்க தொடங்குறது?

உவர்மலைக்காரி | மார்ச் 3, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். உயிரியல் இறுதி வருடம் படிக்கிறன், வீடு உவர்மலை. ஜீனோமிக்ஸ்லதான், அதாவது ஒரு உயிரின்ர முழு டி.என்.ஏ.யையும் (ஜீனோம்) வாசிச்சு ஆராயிற துறையிலதான், மேல படிக்கவேணும் எண்டு ரெண்டு வருசமா மனசில இருக்கு. ஆனா இதுவரைக்கும் டி.என்.ஏ. எழுத்துகளை வாசிக்கிற மெஷினான சீக்குவென்சரை நேரில கண்டதில்ல. டி.என்.ஏ.யைப் பல பிரதியாப் பெருக்கிற பி.சி.ஆர். ஒருக்காச் செய்திருக்கிறன், அதுவும் ஆறு பேர் ஒரு மெஷினைச் சுத்தி நிண்டு.

போன வருசம் அமெரிக்காவில ஒரு கோடைகாலப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க மூண்டு கிழமை செலவழிச்சன். கட்டுரை எழுதி, ரெண்டு சேர்மாரிட்டச் சிபாரிசுக் கடிதமும் வாங்கியாச்சு. கடைசிப் பக்கத்தில குடியுரிமை கேட்டு ஒரு பெட்டி வந்தது. இலங்கை எண்டு போட்டவுடன விண்ணப்பம் மூடிப்போச்சு. அண்டைக்கு இரவு நித்திரை வரேல்ல. சேர்மாருக்கு என்னெண்டு சொல்லுறது எண்டதுதான் பெரிய கவலை.

பிறகு ஒரு தனியார் நிறுவனத்தில பயோஇன்ஃபோமட்டிக்ஸ் (உயிரியல் டேட்டாவைக் கணினியில ஆராயிறது) சான்றிதழ் வகுப்புக்குக் காசு கட்டினன். எல்லா நாளும் ஸ்லைட் காட்டிச்சினம். சான்றிதழ் வீட்டுக்கு வந்தது. ஆனா ஒரு டேட்டா ஃபைலைக்கூட நாங்கள் திறந்து பார்க்கேல்ல.

எங்களுக்கு உண்மையாத் திறந்திருக்கிற பயிற்சிகள் எது? அதுக்கு முதல், இங்க வீட்டில இருந்தபடி நான் என்ன செய்யலாம்? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

சாம்பல்தீவு_பொடியன் | மார்ச் 3, இரவு 10:12

எனக்கும் இதே கேள்விதான். இந்த இழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறன்.

தாமரைக்குளம் | மார்ச் 4, அதிகாலை 2:25

தங்கச்சி, நானும் திருகோணமலைதான். இப்ப ஜெர்மனியில பக்டீரியா ஜீனோம்களில முனைவர் பட்டம் செய்யுறன். உங்கட பதிவை வாசிச்சபோது எட்டு வருசத்துக்கு முந்தி நான் இருந்த இருப்பு அப்பிடியே கண்ணுக்கு முன்னால வந்தது. அதால கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

குடியுரிமைப் பெட்டியில விழுந்தது நீங்கள் மட்டும் இல்ல. அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்தின்ர காசில நடக்கிற இளநிலை மாணவர் கோடைகாலப் பயிற்சிகள் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவைக்குத்தான். பேஸ்புக்கில சுத்துற "100 வாய்ப்புகள்" பட்டியல்களில பாதிக்கு மேல இந்த மாதிரியானதுகள். இனிமேல் ஒரு அறிவிப்பைத் திறந்தா முதல் தகுதிப் பகுதியைப் பாருங்கோ. அதில "எந்த நாட்டவரும்" எண்ட கருத்து இல்லாட்டி அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டாம்.

திறந்திருக்கிறதுகளுக்கு வாறன். ஜப்பானில ஓகினாவா விஞ்ஞான தொழில்நுட்பப் பட்டப்படிப்பு நிறுவனம் ஆய்வுப் பயிற்சியாளர்களை எந்த நாட்டில இருந்தும் எடுக்குது. பயணம், தங்குமிடம், நாளாந்தப் படி எல்லாம் அவையே தருவினம். வருசத்தில ரெண்டு தரம் விண்ணப்பம் கேட்பினம். ஆஸ்திரியாவில வியன்னா பயோசென்டர் கோடைகாலப் பள்ளியும் அப்பிடித்தான், ஜனவரியோட மூடிவிடும். ஆனா அது படிச்சுக்கொண்டிருக்கிறவைக்கு. பட்டம் முடிஞ்சா இந்தக் கதவு சாத்திவிடும், அதால இறுதி வருடத்தில இருக்கிற நீங்கள் நாளைத் தள்ளவேண்டாம். இங்கிலாந்தில ஹின்க்ஸ்டன் எண்ட ஊரில வெல்கம் கனெக்டிங் சயன்ஸ் நடத்துற கிழமைக்கணக்கான பயிற்சிகளுக்கு எங்களைப்போல நாடுகளில இருந்து வாறவைக்கு உதவித்தொகை இருக்கு. மனித ஜீனோம் திட்டத்தில மூண்டில் ஒரு பங்கு வாசிக்கப்பட்டது அதே வளாகத்தில இருக்கிற சாங்கர் நிறுவனத்திலதான். அங்க கற்பிக்கிறவை அந்த வேலையைத் தினமும் செய்யிற ஆக்கள்.

முதுகலைக்கு இராஸ்மஸ் முண்டஸ், பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜப்பான் அரசின்ர மெக்ஸ்ட், ஜெர்மனியின்ர டாட், இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்குக் குடுக்கிற புலமைப்பரிசில்கள். எல்லாத்துக்கும் நாங்கள் விண்ணப்பிக்கலாம்.

ஆனா தங்கச்சி, இதைக் கவனமா வாசியுங்கோ. இப்ப எங்கட லாபுக்கு வாற விண்ணப்பங்களை முதல் சுற்றில பார்க்கிற ஆக்களில நானும் ஒருத்தி. சான்றிதழ் பத்து அடுக்கி அனுப்புற பிள்ளையள் நிறையப் பேர். "இந்த டேட்டாவை எடுத்தன், இந்தக் கேள்வியைக் கேட்டன், இந்த இடத்தில பிழைச்சது, இப்பிடித் திருத்தினன்" எண்டு ரெண்டு பக்கம் எழுதி அனுப்புறவை மிகக் குறைவு. அப்பிடி ஒண்டு வந்தா எல்லாரும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து வாசிப்பம்.

அந்த ரெண்டு பக்கத்தை உவர்மலையில இருந்தே எழுதலாம்.

மூதூர்த்துறை | மார்ச் 4, காலை 7:50

அக்கா சொல்லுறதில பாதிக்கு நான் உடன்படமாட்டன். நான் மூதூர், இப்ப பேராதனையில எம்.ஃபில். செய்யுறன்.

எல்லாரும் லெப்டொப்பைத் திறந்து ஜீனோமிக்ஸ் எண்டு சொல்லத் தொடங்கினா, டி.என்.ஏ.யைப் பிரிச்சு எடுக்கிறது ஆர்? என்ர முதல் ஆறு மாசம் மண்ணில இருந்து டி.என்.ஏ. எடுக்கிறதிலயே போச்சு. குழாயில பார்த்தா நல்லா இருக்கும், அளந்தா அளவும் சரி, ஆனா பி.சி.ஆர். வேலை செய்யாது. மண்ணில இருக்கிற ஹியூமிக் அமிலம் கூடவே வந்து நொதியத்தைத் தடுக்குது எண்டு கண்டுபிடிக்க எனக்கு நாலு மாசம். கடைசியில மாதிரியைப் பத்து மடங்கு ஐதாக்கினவுடன, பி.சி.ஆர். வேலை செய்திட்டுது எண்டு காட்டுற பட்டை தெரிஞ்சது. ஜெல்லில அந்தப் பட்டையைக் கண்ட பின்னேரம் எனக்கு அழுகை வந்தது. இது ஒரு இணைய வகுப்பிலயும் வராது. மாதிரி எப்பிடி எடுக்கப்பட்டது எண்டு தெரியாதவர் டேட்டாவில இருக்கிற பிழையையும் ஒரு கண்டுபிடிப்பு எண்டு நம்பிவிடுவார்.

வெளிநாட்டுக்குப் போக முதல் உள்நாட்டைப் பாருங்கோ தங்கச்சி. கொழும்புப் பல்கலைக்கழகத்தில உயிர் இரசாயனம், மூலக்கூற்று உயிரியல், உயிர்த் தொழில்நுட்பத்துக்கெண்டே ஒரு நிறுவனம் இருக்கு. கொழும்பு மருத்துவ பீடத்தில மனித பிறப்புரிமையியல் அலகு 1983இல தொடங்கினது. பேராதனையில பட்டப்பின் விஞ்ஞான நிறுவனமும் மூலக்கூற்று உயிரியல் துறையும் இருக்கு. கொரோனா நேரம் இந்த நாட்டில எந்தத் திரிபு பரவுது எண்டு வாசிச்சுச் சொன்னது ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்து ஒவ்வாமை, நோய் எதிர்ப்பியல் ஆய்வுக்கூடம். இரவு ரயிலேறினா விடியக் கொழும்பு. மூண்டு மாசம் சம்பளமில்லாம ஒரு லாபில நிண்டாலும் அது பயிற்சிதான்.

தாமரைக்குளம் | மார்ச் 4, காலை 11:05

தம்பி, ஹியூமிக் அமிலக் கதையை வாசிக்க எனக்கும் என்ர முதல் வருடம் ஞாபகம் வந்தது. நீங்கள் சொல்லுறது சரி, கை பழகத்தான் வேணும். ஆனா மூண்டு மாசம் சம்பளமில்லாமக் கொழும்பில தங்குறது எல்லா வீட்டாலயும் ஏலுமான காரியம் இல்ல. பெட்டைப்பிள்ளையள் எண்டா அறை தேடுறதே பெரும்பாடு. அந்த வசதி வரும்வரைக்கும் பிள்ளை சும்மா இருக்கக்கூடாது எண்டுதான் சொல்லுறன்.

மூதூர்த்துறை | மார்ச் 4, நண்பகல் 12:30

அது உண்மை அக்கா. அதை நான் யோசிக்கேல்ல. நான் பெரியம்மா வீட்டில நிண்டு படிச்சவன்.

ஒரு_அம்மா | மார்ச் 4, மாலை 4:15

என்ர மகளும் உயிரியல் பிரிவு. இதைப் படிச்சா இங்க வேலை இருக்கோ? இல்லாட்டிப் பிள்ளை திரும்பி வராமலே போயிடுமோ?

மூதூர்த்துறை | மார்ச் 4, மாலை 5:02

அம்மா, ஒளிக்காமச் சொல்லுறன், திருகோணமலையில இண்டைக்கு இந்தப் பேரில வேலை இல்ல. கொழும்பு, கண்டிப் பக்கம் ஆய்வு உதவியாளர் வேலை வரும், அது திட்டத்தின்ர காசு முடியும்வரைக்கும்தான். பிறகு விரிவுரையாளர், மருத்துவ ஆய்வுகூடம், விவசாய ஆராய்ச்சி நிலையம். வீட்டில இருந்து வெளிநாட்டு லாபுகளுக்கு டேட்டா வேலை செய்து குடுக்கிறவையும் எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் இருக்கினம். திரும்பி வாறது பிள்ளையின்ர மனசு.

உவர்மலைக்காரி | மார்ச் 4, இரவு 8:48

தாமரைக்குளம் அக்கா, மூதூர் அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. என்ர லெப்டொப் 4 ஜிபி ராம். வீட்டில ஃபைபர் இல்ல, போன் டேட்டாதான். இதில ஜீனோம் ஓடுமோ?

தாமரைக்குளம் | மார்ச் 5, அதிகாலை 1:10

ஓடும், ஆனா உங்கட லெப்டொப்பில இல்ல. கேலக்ஸி எண்டு ஒரு இலவசத் தளம் இருக்கு. பிரவுசரில கணக்குத் திறந்தா 250 ஜிபி இடம் கிடைக்கும், கணிப்பு வேலை எல்லாம் அவையின்ர சேர்வரில ஓடும். டேட்டாவையும் நீங்கள் இறக்கத் தேவையில்ல. உலகத்தில வெளியிடப்படுற சீக்குவென்ஸ்களுக்கு ஒவ்வொரு பதிவு எண் உண்டு. அந்த எண்ணைக் குடுத்தா கேலக்ஸி தானே போய்க் களஞ்சியத்தில இருந்து எடுத்துக்கொள்ளும். உங்கட போனில இருந்து போறது அந்தப் பத்து எழுத்து மட்டும்தான். அதே தளத்தில படிப்படியான பாடங்களும் இருக்கு. ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமும் தன்ர பாடங்களை இலவசமா விட்டிருக்கு.

முதல் பாடமா ஒரு ஃபாஸ்ட்கியூ ஃபைலைத் திறந்து ஆறுதலாப் பாருங்கோ. ஒவ்வொரு வாசிப்புக்கும் நாலு வரி. முதல் வரி பேர். ரெண்டாவது ஏ, சி, ஜி, டி எழுத்துகள். மூண்டாவது ஒரு கூட்டல் குறி. நாலாவதில குப்பை மாதிரிக் குறிகள் கிடக்கும், அதைத் தாண்டிப் போயிடாதீங்கோ. மேல இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் மெஷின் எவ்வளவு நம்புது எண்டு அந்தக் குறி சொல்லும். கேள்விக்குறி கிடந்தா தரம் 30, ஆயிரத்தில ஒண்டுதான் பிழைக்கும். 5 எண்டு கிடந்தா தரம் 20, நூறில ஒண்டு. # கிடந்தா தரம் 2, அந்த எழுத்தை நம்பவே ஏலாது. ஒரு வாசிப்பின்ர கடைசிப் பக்கம் போகப் போகத் தரம் இறங்குறதைக் கண்ணால காணுவீங்கள். மெஷினும் களைக்கும்.

காசு குடுத்த வகுப்பில இந்த நாலாவது வரியை ஒருத்தரும் காட்டேல்ல எண்டதுதான் எனக்குக் கோபம்.

கோணேசபுரி_கோடர் | மார்ச் 5, காலை 9:33

கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ர திருகோணமலை வளாகத்தில கணினி விஞ்ஞானம் படிக்கிறன். உயிரியல் ஓ/எல்லோட விட்டாச்சு. அக்கா சொன்ன நாலு வரி ஃபைலை இப்ப இறக்கி, பைத்தனில இருபது வரியில தரத்தின்ர சராசரியை எடுத்துப் பார்த்தன். எனக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கு. ஆனா இந்த எண் வந்தா என்ன, வராட்டி என்ன எண்டு எனக்குத் தெரியாது. உவர்மலைக்காரி அக்காவுக்கு அது தெரியும். லினக்ஸ் நான் பழக்கிவிடுறன், நீங்கள் எனக்கு உயிரியல் சொல்லித்தாங்கோ. ரொசலிண்ட் எண்டு ஒரு தளத்தில உயிரியல் கணக்குகள் கிடக்கு, டி.என்.ஏ. எழுத்தை எண்ணுறதில தொடங்கிப் படிப்படியாக் கஷ்டமாகும். இண்டைக்கு எட்டுச் செய்தன்.

கிண்ணியா_நானா | மார்ச் 5, இரவு 11:20

தங்கச்சிமார், தம்பிமார், நான் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். ஒரு கேள்வி சொல்லுறன், அதை எடுத்துச் செய்யுங்க.

2017 ஞாபகம் இருக்கா? அந்த வருசம் இலங்கை முழுக்க டெங்கு 1,86,000க்கு மேல. மார்ச் மாசம் கிண்ணியா பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். நான் அப்ப லாபில. இரவு ரெண்டு மணிக்கு ஒரு வாப்பா, மகளின்ர இரத்தக் குழாயைக் கையில வெச்சிக்கிட்டு வாசல்ல நிக்கிறார். குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையைச் சொல்ல வாய் வரல்ல, 18,000. அந்தப் பிள்ளை தப்பிட்டா, அல்ஹம்துலில்லாஹ். தப்பாத பிள்ளைகளும் இருந்தாங்க.

அந்த வருசம் பரவினது டெங்கு வைரஸ் ரெண்டாம் வகை. அதுக்கு முந்தின வருசங்கள்ல இங்க கூடப் பரவினது முதலாம் வகை. ரெண்டாம் வகைக்கு எதிர்ப்பு இல்லாத சனம் நிறைய இருந்த நேரம் பார்த்து அது வந்திச்சு. எங்க இருந்து வந்திச்சு, எப்பிடி மாறிச்சு எண்டு வைரஸ்ட எழுத்தை வாசிச்சாத்தான் தெரியும். எனக்கு எண்ணத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. நீங்க வாசிங்க.

தாமரைக்குளம் | மார்ச் 6, அதிகாலை 3:02

நானா, இதை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் எழுத ஏலேல்ல.

தங்கச்சி, உங்கட கேள்வி கிடைச்சிட்டுது. மனித ஜீனோம் 300 கோடி எழுத்து. டெங்கு வைரஸ் ஏறத்தாழ 10,700 எழுத்துத்தான், 4 ஜிபி லெப்டொப் தாராளமாத் தாங்கும். ஜென்பேங்க் எண்ட திறந்த சீக்குவென்ஸ் களஞ்சியத்தில 2017 இலங்கை மாதிரிகளைத் தேடுங்கோ, இந்தியா, சிங்கப்பூர், சீனா, மற்ற வருசத்து மாதிரிகளையும் சேருங்கோ. மாஃப்ட் எண்ட மென்பொருளில எழுத்துகளை நேருக்கு நேர் வரிசைப்படுத்தி, எந்த வைரஸ் எதுக்கு நெருங்கின உறவு எண்டு காட்டுற மரத்தை ஐகியூட்ரீ எண்ட மென்பொருளில வரைஞ்சு பாருங்கோ. மரம் வந்தவுடன சந்தோசப்பட்டு நிப்பாட்டாதீங்கோ. கிளைகளில எழுதியிருக்கிற பூட்ஸ்ட்ராப் எண்ணைப் பாருங்கோ, அந்தக் கிளையை எவ்வளவு நம்பலாம் எண்டு அது சொல்லும், அது தாழ்ந்திருந்தா அந்தக் கிளையைப் பற்றி ஒண்டும் பேசக்கூடாது. நெக்ஸ்ட்ஸ்ட்ரெயின் தளத்தில டெங்குவுக்கு ஆயத்தமான மரம் இருக்கு. உங்கட மரத்தை அதோட பக்கத்தில வெச்சுப் பாருங்கோ.

இன்னொண்டும் சொல்லவேணும், கனநாளா மனசில கிடக்கிறது. 2015இல முடிஞ்ச 1000 ஜீனோம் திட்டத்தில உலகத்தின்ர 26 சமூகங்களில இருந்து 2,504 பேரின்ர ஜீனோமை வாசிச்சு எல்லாருக்கும் திறந்து விட்டிச்சினம். அதில எஸ்.டி.யூ. எண்டு ஒரு குறி இருக்கு. விரிச்சா, பிரித்தானியாவில வாழுற இலங்கைத் தமிழர். 102 பேர். முதன்முதல் அந்த வரியைக் கண்ட அண்டைக்கு என்ர மேசையில கையை வெச்சுக்கொண்டு இருந்திட்டன். எங்கட ஆக்களின்ர ஜீனோம் உலகத்தின்ர ஆய்வுக்கூடங்களில தினமும் திறக்கப்படுது. அதைத் திறக்கிறவையில எத்தினை பேர் நாங்கள்?

போனிலயே பார்க்கலாம். என்செம்பிள் எண்ட ஜீனோம் தளத்துக்குப் போய் ஆர்.எஸ். 4988235 (rs4988235) எண்டு தேடுங்கோ. வளர்ந்த பிறகும் பால் செரிக்க உதவுற மாற்றம் அது. சமூகவாரிப் பக்கத்தைத் திறந்தா பிரித்தானியர் வரிசையில அது உயர்ந்து நிக்கும், எங்கட வரிசையில மிகக் குறைவு. பால் குடிச்சா வயிறு ஊதுது எண்டு அம்மம்மா சொன்னதுக்கும் அந்த எண்ணுக்கும் உறவு இருக்கலாம்.

கிண்ணியா_நானா | மார்ச் 6, காலை 6:40

பார்த்தேன் தங்கச்சி. ஆனா இலங்கைச் சோனகர் அந்தப் பட்டியல்ல இல்ல. மூதூர்ப் பக்கத்துக் கரையோர வேடரும் இல்ல. எங்கட ஊர்கள்ல மச்சான் மச்சாள் கலியாணம் இன்னும் நிறைய. தலசீமியாக் குழந்தைகளை நான் பார்த்திருக்கேன், மாசா மாசம் இரத்தம் ஏத்திக்கிட்டு. தாய் தகப்பன் ரெண்டு பேரும் காவிகளா, அதாவது தங்களுக்கு நோய் இல்லாம அந்த ஜீனை வெச்சிருக்கிறவங்களா எண்டு கலியாணத்துக்கு முதலே ஒரு இரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிக்கலாம். இந்தப் படிப்பு இங்க வந்து சேரணும் எண்டு நான் கேக்கிறது அதுக்காகத்தான்.

மூதூர்த்துறை | மார்ச் 6, காலை 8:15

நானா சொன்னதோட ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில ஊரில போய் எச்சிலோ இரத்தமோ சேகரிக்கத் தொடங்கக்கூடாது. மனித மாதிரிக்கு நெறிமுறைக் குழுவின்ர அனுமதியும் அவையின்ர எழுத்துச் சம்மதமும் வேணும். புறாமலைப் பவளப்பாறையும் அப்பிடித்தான். அது தேசியப் பூங்கா, ஒரு துண்டு எடுக்கிறதுக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி வேணும்.

சாம்பல்தீவு_பொடியன் | மார்ச் 6, காலை 10:20

நான் முதலாம் வருடம். கன்னியா வெந்நீரூற்றில இருக்கிற பக்டீரியாவை வாசிச்சா என்ன? பி.சி.ஆரில பாவிக்கிற டாக் நொதியம் வெந்நீர் ஊற்றில இருந்துதானே வந்தது?

மூதூர்த்துறை | மார்ச் 6, காலை 10:55

நல்ல கேள்வி தம்பி. ஆனா டாக் வந்தது அமெரிக்காவில யெலோஸ்டோன் ஊற்றில இருந்து. அந்தப் பக்டீரியா 70 பாகை செல்சியஸில செழிக்கும். கன்னியாவில நாங்கள் வாளியால அள்ளித் தலையில ஊத்திக் குளிக்கிறம், அந்தச் சூட்டில அப்பிடியான நொதியம் கிடைக்காது. ஆனா ஏழு கிணறும் பக்கத்தில பக்கத்தில இருந்தும் ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு எல்லோ? ஒவ்வொரு கிணற்றிலயும் பக்டீரியாக்களை இனங்காண உதவுற 16எஸ் ஜீனை வாசிச்சு, சூட்டுக்கு ஏற்றமாதிரிப் பக்டீரியாக் கூட்டம் மாறுதோ எண்டு பார்க்கிறது நல்ல இறுதி வருட ஆய்வு. அதுக்கும் அனுமதி எடுக்கவேணும். அதுவரைக்கும் மற்ற நாட்டு ஊற்றுகளின்ர டேட்டாவில பழகுங்கோ.

பழைய_வாத்தியார் | மார்ச் 6, இரவு 7:30

பிள்ளைகளே, முப்பத்தியொரு வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்தவன். ஒன்று மட்டும் சொல்ல வந்தேன். பேராசிரியர்களுக்கு எழுதும் மின்னஞ்சலைப் பற்றி.

என் பழைய மாணவன் ஒருவன் நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டு, ஒருவரும் பதில் போடவில்லை என்று என்னிடம் வந்தான். வாங்கிப் பார்த்தேன். "தங்கள் மேன்மைமிகு ஆய்வுக்கூடத்தில் இணைவது என் வாழ்நாள் கனவு" என்று தொடங்கியது. அந்த ஆய்வுக்கூடம் எதை ஆராய்கிறது என்பதற்கு ஒரு சொல் இல்லை. இருவரும் முன்விறாந்தையில் இருந்து திருப்பி எழுதினோம். அவர்களுடைய ஒரு கட்டுரையை முழுதாக வாசித்து, அதில் விளங்காத ஓர் இடத்தைக் கேள்வியாக எழுதினான். அதன் கீழ், தான் செய்து பார்த்த சிறு வேலையைப் பற்றி மூன்று வரி. எத்தனை மாதம் வர முடியும், எந்த நிதிக்கு விண்ணப்பிக்க இருக்கிறான் என்று ஒரு வரி. அவ்வளவுதான், பத்து வரிக்குள். அப்படி ஆறு பேருக்கு எழுதினான், இருவர் பதில் போட்டார்கள்.

ஆங்கிலம் பிழைத்துவிடும் என்று பயந்து எழுதாமல் இருக்கும் பிள்ளைகளை நிறையக் கண்டிருக்கிறேன், பெரும்பாலும் பெண் பிள்ளைகள். சிறிய வசனமாக எழுதுங்கள் அம்மா. யாரையாவது ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். நான் இருக்கிறேன், தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

உவர்மலைக்காரி | மார்ச் 21, இரவு 11:52

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு கிழமை காணாமல் போனதுக்கு மன்னிக்கவேணும்.

கோணேசபுரித் தம்பி ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து லினக்ஸ் போட்டுத் தந்தார். முதல் மரம் பிழைச்சது. ஒரு இலங்கை மாதிரி மட்டும் எல்லாத்தையும் விட்டுத் தள்ளி நீளக் கிளையில தனியா நிண்டது. புதுத் திரிபைக் கண்டுபிடிச்சிட்டன் எண்டு எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிட்டுது. மூதூர் அண்ணா சொன்னது ஞாபகம் வர, அந்த மாதிரியைத் திறந்து பார்த்தன். பாதிக்கு மேல 'N' எண்ட எழுத்து, வாசிக்க ஏலாத இடங்களை அப்பிடிக் குறிக்கிறவையாம். அதை எடுத்திட்டுத் திரும்ப ஓடவிட்டன்.

இண்டைக்கு இரவு ரெண்டாவது மரம் வந்தது. 2017 இலங்கை மாதிரிகள் ஒரே கொத்தா ஒண்டாக் கிடக்குது, பூட்ஸ்ட்ராப் 98. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினன். "இதில எது கிண்ணியா?" எண்டு கேட்டா. பதிவுகளில இலங்கை எண்டுதான் இருக்கு, ஊர் இல்ல.

கிண்ணியா நானா, அந்தப் பிள்ளையின்ர இரத்தத்தில இருந்தது எந்தக் கிளை எண்டு என்னால சொல்ல ஏலேல்ல. ரெண்டு பக்கத்தை எழுதத் தொடங்கிட்டன், அதில முதல் பந்தி இதுதான். வாத்தியார் சேர், நாளைக்கு உங்களுக்கு அனுப்புறன். அக்கா, ஓகினாவாவுக்கு இந்த முறையே போடவோ, அடுத்த முறைக்கு வைக்கவோ?

தாமரைக்குளம் | மார்ச் 22, அதிகாலை 12:20

இந்த முறையே போடுங்கோ. பிழைச்ச மரத்தையும் சேர்த்து அனுப்புங்கோ.

கிண்ணியா_நானா | மார்ச் 22, காலை 5:45

அந்தப் பிள்ளைக்கு இப்ப பதினாறு வயசு தங்கச்சி. உயர்தரம் எடுக்கப் போறா, உயிரியல். உங்கட மரத்தை அவவுக்குக் காட்டலாமா?